மாமா 'நிபுணர்கள்' ஆன கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒருவர் மாமாவுக்கு போன் செய்தார். மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகும் வழியில் சின்னதாக ஒரு தைல அடுப்பு வைத்திருக்கிறார். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) சருகை வாங்கி, காய்ச்சி, நீலகிரித் தைலம் எடுத்து பாட்டிலில் அடைத்துக் கொடுக்கிறவர். கோத்தகிரிக்கு வந்த சொந்தக்காரர் யாரோ வாங்கிப் போன பாட்டிலில் நம்பரைப் பார்த்துத்தான் அந்த மனிதர் அழைத்திருக்கிறார்.

"அண்ணே, ஒரு டன் இலைக்கு 100 லிட்டர் தைலம் வருமாமே? நம்ம பக்கமும் தைல மரம் நிறைய நிக்குது. லோனுக்கு எழுதிக் கொடுக்கலாம்னு இருக்கேன். டிரம் எங்கே செஞ்சீங்க?"

மாமா சிரித்த சிரிப்பு அடுப்படியில் இருந்த அத்தைக்குக் கேட்டிருக்கிறது. "100 லிட்டரா! அப்படி வந்தா நான் ஏன் சார் இன்னும் தகரக் கூரைக்குக் கீழே இருக்கேன்? டன்னுக்கு 10 லிட்டர் வந்தா அன்னைக்கு நல்ல நாள்." அவர் விடவில்லை. நெட்டில் போட்டிருக்கிறது, 10 கிலோ இலைக்கு 1 லிட்டர் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது, கோத்தகிரி என்று ஊர் பேர்கூடப் போட்டிருக்கிறது என்றாராம். மாமா போனை வைத்துவிட்டு உடனே எனக்கு அடித்தார்.

"பாப்பா, நம்ம அடுப்பைப் பத்தி எழுதினியே, அதுல என்ன கணக்கு போட்டே?"

திறந்து பார்த்தேன். 10 கிலோ. 100 என்று இருக்க வேண்டியது. 2023 ஜனவரியில், விரல் விறைக்கும் குளிரில், போர்வைக்குள் உட்கார்ந்து தட்டிய கட்டுரை அது. ஒரு சைபர் விழுந்துவிட்டது. இவ்வளவு நாளாக யாருக்கும் தெரியவில்லை. என் தளத்தைப் படிப்பவர்கள் ஒரு 40 பேர் இருப்பார்கள், அதில் பாதி சொந்தக்காரர்கள். அவர்களுக்குத் தைலம் ஓசியில் வருகிறது, கணக்கு எதற்கு?

ஆனால் ஒட்டன்சத்திரத்துக்காரர் என் கட்டுரையைப் படிக்கவே இல்லை. மாமா கேட்டு வாங்கிக் கொடுத்த லிங்க் வேறொரு தளத்துடையது. சிறுதொழில், வீட்டு வைத்தியம், ராசிபலன் எல்லாம் ஒரே கூரையின் கீழ் போடுகிற தளம். அங்கே என் கட்டுரை வேறு சட்டை போட்டுக்கொண்டு நின்றது.

நான் தொடங்கியிருந்தது இப்படி: "மாமா பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் திரும்பிப் பார்க்காமலே டிக்கெட் கிழிப்பார். வாசனையே ஆளைச் சொல்லிவிடும்." அங்கே: "பேருந்தில் பயணிக்கும் தைலத் தொழிலாளர்களை அவர்களின் நறுமணத்தைக் கொண்டே நடத்துநர்கள் அடையாளம் கண்டுகொள்கின்றனர்." நான், தைலம் தண்ணீர் மேல் மிதப்பதை ரசத்தின் மேல் நெய் மிதப்பதற்கு ஒப்பிட்டிருந்தேன். அங்கே சாம்பாரின் மேல் எண்ணெய் மிதந்தது. மாமாவுக்குப் பிறகு அடுப்பு, அதற்குப் பிறகு அத்தை, அதற்குப் பிறகு விலை என்று பத்திகளின் வரிசைகூட அப்படியே. அத்தை மட்டும் 'பெண் தொழில்முனைவோர்' ஆகியிருந்தார்.

மாமாவைத் தேடினேன். சருகு மிதிப்பதைப் பற்றி அவர் சொன்ன ஒரு வரியை நான் அப்படியே போட்டிருந்தேன். அதைப் புரிந்துகொள்ள அந்த அடுப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆள் உயர இரும்பு டிரம். அடியில் தண்ணீர், மேலே ஓட்டை போட்ட தட்டு, தட்டின் மேல் சருகு. சருகைக் கொட்டினால் மட்டும் போதாது, ஒரு ஆள் உள்ளே இறங்கிக் கால் வலிக்க மிதிக்க வேண்டும். அப்புறம் மூடியைப் போட்டு, விளிம்பைச் சுற்றிக் களிமண் அப்பி அடைத்துவிட்டுத் தீ மூட்டுவார்கள். விறகு வேறெதுவும் இல்லை, போன தடவை காய்ச்சி முடித்த சக்கை இலைதான். ஆவி குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் புகுந்து போகும்போது குளிர்ந்து, கடைசியில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தைலமுமாகச் சொட்டும். மிதித்தது சரியில்லை என்றால் ஆவி இடுக்கு கண்ட இடத்தில் புகுந்து நேராக மேலே ஓடிவிடும், இலையிலிருந்து தைலத்தை எடுக்காது. மாமா சொன்னது: "சரியா மிதிக்கலேன்னா ஆவி வெறுங்கையோட போயிடும் பாப்பா."

அந்தத் தளத்தில்: "இலைகளைச் சரியான முறையில் அழுத்தி அடுக்காவிடில் நீராவி பயனின்றி வெளியேறும் என நிபுணர்கள் கூறுகின்றனர்."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் என் மாமா. ஒரே இரவில் நிபுணர் ஆகி, அதுவும் பன்மையில் ஆகிவிட்டார். அவரிடம் படித்துக் காட்டியபோது சந்தோஷமாகத்தான் இருந்தார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. வந்த வேகத்தில் அது அடங்கியும் போனது, ஏனென்றால் இந்த வேலையை எப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். 'கூறுகின்றனர்' என்று முடிக்கும் அந்தக் கை எந்த மாதிரிக் கை என்றும் தெரியும். இரண்டு வருஷம் என் கையே அப்படித்தான் எழுதியது.

2016-இல் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கோயம்புத்தூரில் ஓர் ஏஜென்ட் 'ரீரைட்டிங்' வேலை கொடுத்தார். 500 சொல்லுக்கு 60 ரூபாய். காலையில் மெயிலில் 3 லிங்க் வரும், மாலைக்குள் அதிலிருந்து ஒரு 'புது'க் கட்டுரை போக வேண்டும். ஒரே விதி: காப்பி செக்கரில் (வேறெங்கோ ஏற்கெனவே இருக்கும் வரிகளைச் சிவப்பில் காட்டும் மென்பொருள்) போட்டால் 10 சதவீதத்துக்குமேல் சிவப்பு வரக்கூடாது. எழுதியது உண்மையா என்று அந்த 2 வருஷத்தில் ஒரு நாள்கூட யாரும் கேட்டதில்லை. சிவப்பு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

தொழில் ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்கு. பத்தியைத் தலைகீழாக்கு. ஆள் பேர் இருந்தால் எடுத்துவிட்டு 'பலர்' போடு. தேதி, அளவு, ஊர் இதெல்லாம் சிவப்பு காட்டும் என்ற பயத்தில் பாதியை எடுத்துவிட்டு 'பல ஆண்டுகளாக', 'குறிப்பிட்ட அளவு' என்று நிரப்பு. கொடைக்கானலுக்கு நான் அதுவரை போனதே இல்லை, ஆனால் பில்லர் ராக்ஸின் மூடுபனி 'நம்மைத் தழுவிக்கொள்வது' பற்றி 7 கட்டுரை எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் வரும் மூடுபனியைப் பற்றி ஒன்றுகூட எழுதவில்லை. அதற்கு லிங்க் வரவில்லையே.

ஒரு தடவை நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்கா பற்றிய ஒரு கட்டுரை வந்தது. அதில் 'வரையாடு' என்று 9 இடத்தில் இருந்தது. செக்கர் சிவந்து தொலைத்தது. எல்லாவற்றையும் 'மலை ஆடு' என்று மாற்றி அனுப்பிவிட்டேன். சில மாதம் கழித்து வேறெங்கோ என் கட்டுரையை இன்னொருவர் மாற்றி எழுதியிருப்பதைப் பார்த்தேன். அவருக்கு என் 'மலை ஆடு' சிவந்திருக்கும் போல, 'மலைப்பகுதி வெள்ளாடுகள்' ஆக்கிவிட்டார். தமிழ்நாட்டின் மாநில விலங்கு மூன்றே கை மாறியதில் வெள்ளாடாகிப் போனது. அப்போது அதை ஒரு ஜோக்காகத்தான் தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தக் காசில்தான் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன், அதையும் மறைப்பானேன். 2018-இல் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது, இதை விட்டேன். இப்போது இந்த வேலைக்கு ஆளே வேண்டியதில்லை. நான் அரைநாள் உட்கார்ந்து செய்ததை ஏஐ அரை நிமிஷத்தில் செய்துவிடுகிறது, 60 ரூபாய் மிச்சம்.

ஆக, இந்த விஷயத்தில் நான் யோக்கியமான மனுதாரர் இல்லை. இருந்தாலும் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. குன்னூரில் வக்கீலாக இருக்கும் ஓர் அக்கா, காலேஜில் எனக்கு 2 வருஷம் சீனியர். அடுத்த சனிக்கிழமை ஒரு பேக்கரியில் டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"அக்கா, கேஸ் போட முடியுமா?"

"எதுக்கு? உன் தப்பை அவங்க திருடிட்டாங்கன்னா?"

சிரித்து முடித்த பிறகு பொறுமையாகச் சொன்னார். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் வந்தது. எழுதிய உடனேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும். பதிவு செய்ய வேண்டும், கீழே காப்பிரைட் குறி போட வேண்டும் என்றெல்லாம் கட்டாயம் இல்லை. நெட்டில் சும்மா கிடக்கிறது என்பதற்காக அது ஊர்ப் பொதுச்சொத்து ஆகிவிடாது. எழுதியவர் காலம் முழுக்கவும், அவர் போனபிறகு இன்னும் 60 வருஷமும் உரிமை உண்டு. இடையில் அரசு நாட்டுடைமை ஆக்கினால் வேறு விஷயம்.

"ஆனா எதுக்கு உரிமைங்கறதுதான் கேள்வி. மலை ரயில் 1899-ல குன்னூர் வரைக்கும் வந்துச்சு, 1908-ல ஊட்டிக்குப் போச்சு, வழியில 16 டனல். இதை நீ எழுதலாம், நான் எழுதலாம், அந்த டீ மாஸ்டரும் எழுதலாம். தகவலுக்குச் சொந்தக்காரன் கிடையாது. அதை நீ எப்படிச் சொன்னேங்கறதுதான் உன்னுது."

இதற்கு அவர் சொன்ன வழக்கு எனக்குப் பிடித்திருந்தது. டெல்லியில் ஆர்.ஜி. ஆனந்த் என்று ஒரு நாடக ஆசிரியர். பஞ்சாபிக் குடும்பம் ஒன்று, மதராஸ் குடும்பம் ஒன்று, பிள்ளைகளுக்குள் காதல், பெரியவர்களுக்குள் 'நம்ம ஆளா' என்ற சண்டை. இப்படி ஒரு நாடகம் போட்டார். ஒரு சினிமா இயக்குநர் வந்து அந்தக் கதையை அவரிடமே கேட்டுவிட்டுப் போனார். 1956-இல் படம் வந்தது. அதிலும் பஞ்சாபி, மதராஸி, காதல். ஆனந்த் கோர்ட்டுக்குப் போனார். சுப்ரீம் கோர்ட் 1978-இல் தீர்ப்புச் சொன்னது: அவர் தோற்றார். கரு, கதைப்பொருள், வரலாற்றுத் தகவல் எதற்கும் பதிப்புரிமை கிடையாது. அதைச் சொன்ன வடிவமும் விதமும் அடுக்கிய முறையும்தான் காப்பாற்றப்படும். இரண்டையும் பார்த்த ஒருவருக்கு 'இது அதன் நகல்தான்' என்று சந்தேகமில்லாமல் தோன்ற வேண்டும். அங்கே அப்படித் தோன்றவில்லை என்றது கோர்ட். அந்த மனிதர் 22 வருஷம் காத்திருந்து தோற்றிருக்கிறார் என்பதுதான் என் மனதில் நின்றது.

"அப்போ மாத்தி எழுதிட்டா தப்பிச்சுக்கலாமா?"

"அப்படியும் இல்ல." சட்டத்தில் 'தழுவல்' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கம் இருக்கிறதாம். ஒரு படைப்பை வரிசை மாற்றி அடுக்குவதும், மாற்றியமைப்பதும்கூட அதில் சேரும். அந்த உரிமையும் எழுதியவருடையது. 30 சதவீதம் மாற்றினால் போதும், 4 வரிக்கு ஒரு வரி மாற்றினால் போதும் என்று எங்கள் ஏஜென்ட் சொல்லித் தந்த கணக்கெல்லாம் எந்தச் சட்டத்திலும் இல்லை. செக்கர் பச்சை காட்டுவது ஜட்ஜ் பச்சை காட்டுவது ஆகாது. மொழிபெயர்ப்பும் அப்படியே. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் போட்டுவிட்டு 'நானே எழுதினேன்' என்று எத்தனை பேர் திரிகிறோம்! மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியர் கையில்தான். விமர்சனம் செய்ய, நடப்புச் செய்தியைச் சொல்ல, சொந்தப் படிப்புக்கு, ஆய்வுக்கு என்றால் 52-ஆவது பிரிவு நியாயமான அளவுக்கு இடம் கொடுக்கிறது. விக்கிப்பீடியாவில் உள்ளதை மாற்றி எழுதவே செய்யலாம், ஆனால் எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், நாம் எழுதியதையும் அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும். இதை யார் செய்கிறார்கள்?

தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று 63-ஆவது பிரிவு சொல்கிறது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தளம் அல்ல, என் பழைய லேப்டாப். அக்கா வர்க்கியை டீயில் முக்கிக்கொண்டே, "பயப்படாதே, உன்னை யாரும் தேடலை" என்றார். பக்கத்தை வைத்திருக்கிற நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினால் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும், 21 நாளைக்குள் நாம் கோர்ட் உத்தரவு வாங்கிவர வேண்டும், இல்லையென்றால் திரும்பத் திறந்துவிடலாம். ஒரு தைலக் கட்டுரைக்காக இதையெல்லாம் செய்வாயா என்பது அவர் கேள்வி.

அப்புறம்தான் அந்த டெலிபோன் டைரக்டரி கதையைச் சொன்னார். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் ஒரு கிராமத்து டெலிபோன் கம்பெனி டைரக்டரி போட்டது. இன்னொரு கம்பெனி அந்தப் பெயர்களை அள்ளித் தன் டைரக்டரியில் போட்டுக்கொண்டது. முதல் கம்பெனி உஷாராக, இல்லாத சில பெயர்களைப் பொறியாக நடுவில் செருகி வைத்திருந்தது. அந்தப் பொய்ப் பெயர்களில் 4 அடுத்தவன் புத்தகத்திலும் அப்படியே இருந்தன. காப்பி அடித்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் 1991-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் காப்பி அடித்தவன் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. பெயர், ஊர், நம்பர் வெறும் தகவல். அதை அகர வரிசையில் அடுக்கியதில் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. பாடுபட்டுச் சேர்த்தாய் என்பதற்காக மட்டும் உரிமை வராது.

என் 10 கிலோவும் அந்த 4 பொய்ப் பெயர் மாதிரிதான். திருட்டை நிரூபிக்கும், ஆனால் எனக்கு ஒன்றும் வாங்கித் தராது. 100 கிலோ என்று சரியாக எழுதியிருந்தாலும் அது தகவல், ஊருக்குப் பொது. ஒருவேளை அந்த நெய் மிதக்கும் ரசத்துக்கும், பத்திகளை அடுக்கிய வரிசைக்கும் நான் சண்டை போடலாம். சட்டம் என் கட்டுரையில் காப்பது ரசத்தை, தைலத்தை இல்லை. பஸ் ஏறி வீடு வரும்போது இதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

இதில் எனக்குச் சட்டத்தின் மேல் கோபம் இல்லை, அது சரிதான். தகவலுக்குப் பூட்டுப் போட்டால் அப்புறம் யாரும் எதையும் எழுத முடியாது. நம் இலக்கணக்காரர்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். தொல்காப்பியம் நூலை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. ஒருவர் சொன்னதைச் சுருக்கலாம், விரிக்கலாம், சுருக்கியும் விரித்தும் செய்யலாம், மொழிபெயர்க்கலாம், எல்லாம் வழிநூல்தான். மாற்றி எழுதுவதே பாவம் என்றால் நமக்குக் கம்பராமாயணம் கிடைத்திருக்காது. ஆனால் கம்பர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: வடமொழியில் இந்தக் கதையைச் செய்தவர்கள் மூவர், அவர்களில் முதலாமவர் சொன்னபடி நான் சொல்கிறேன் என்று. அதோடு, பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனை மாதிரி ஆசைப்பட்டுவிட்டேன் என்றும் ஒப்புக்கொள்கிறார். கம்பருக்கே மூலத்தைச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை. ராசிபலன் தளத்துக்கு இருக்கிறது.

மூலத்தைச் சொல்வது மரியாதைக்காக என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒட்டன்சத்திரத்துக்காரரின் போன் வந்த பிறகு அப்படித் தோன்றவில்லை. மரியாதை கிடக்கட்டும். அவர் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரிடம் கேட்டிருப்பார்? கீழே பெயர் இல்லை. 'நிபுணர்கள்' என்றால் எந்த நிபுணர், எந்த ஊர்? எழுதியவரே அடுப்பைப் பார்த்ததில்லை, கேட்டாலும் பதில் சொல்ல முடியாது. நான் தப்பாக எழுதினேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் கேட்டால் மாமாவிடம் கேட்டுச் சொல்வேன், மாமா டிரம்மைத் திறந்து காட்டுவார். ஒரு லிங்க் போட்டிருந்தால் அந்த மனிதர் 2 நிமிஷத்தில் என்னிடம் வந்திருப்பார். கடைசியில் அவரைக் காப்பாற்றியது பாட்டில் லேபிளில் மாமா அச்சடித்து ஒட்டிய போன் நம்பர். தைலம் விற்கிறவருக்கு இருக்கிற பொறுப்பு கட்டுரை விற்கிறவருக்கு இல்லை.

சரி, அந்தத் தளத்துக்கு ஒரு மெயில் போட்டேன். என் பெயர்கூட வேண்டாம், அந்த எண்ணை மட்டும் திருத்துங்கள், ஒருவர் கடன் வாங்கப் போனார் என்று எழுதினேன். 3 நாள் கழித்து பதில் வந்தது. தங்கள் கட்டுரை 96 சதவீதம் தனித்துவமானது, அதற்கான ரிப்போர்ட் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. எண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பழைய வேலைக்கே திரும்பிப் போன மாதிரி இருந்தது. நானும் இதே ரிப்போர்ட்டைப் பெருமையாக இணைத்து அனுப்பியவள்தானே.

இதற்கிடையில் என் கட்டுரையில் எண்ணைத் திருத்தி, கீழே ஒரு குறிப்பும் போட்டேன்: "முன்பு 10 கிலோ என்று தப்பாக எழுதியிருந்தேன். 100 கிலோ சருகுக்குச் சுமார் 1 லிட்டர். சருகு நனைந்திருந்தால் இன்னும் குறையும்." ஒரு வாரம் கழித்து அந்தத் தளத்தை எட்டிப் பார்த்தேன். 10 கிலோ 100 கிலோ ஆகியிருந்தது. அதற்கடுத்து ஒரு புது வாக்கியம்: "இலைகளில் ஈரப்பதம் மிகுந்திருப்பின் இந்த அளவு மேலும் குறையக்கூடும் எனவும் நிபுணர்கள் எச்சரிக்கின்றனர்." கட்டுரையின் அடியில் சாய்வெழுத்தில் 'நன்றி: இணையம்'.

மாமாவிடம் படித்துக் காட்டினேன். "எச்சரிக்கிறேனா? நான் எப்போ எச்சரிச்சேன்?" என்றார்.

'நன்றி: இணையம்' எனக்குப் புரிவதே இல்லை. யாரோ கைக்குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுத்தார்கள், அதற்கு 'நன்றி: மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்ட்' என்று சொல்வது போலத்தான் இருக்கிறது. 'படித்ததில் பிடித்தது' என்பதும் இந்த ஜாதிதான். பிடித்தது சரி, எங்கே படித்தாய்?

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் அந்த வாரம் ஒரு ராத்திரி பழைய மெயிலையெல்லாம் கிளறிப் பார்த்தேன். நான் மாற்றி எழுதியதில் யாருடையது எது என்று. பெரும்பாலும் ஏற்கெனவே நாலு கை மாறிய குப்பை, அதற்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் அப்படி இல்லை. 2017-இல் வந்த லிங்க். பழனி மலைப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் தன் தளத்தில் எழுதியிருந்தது, பூம்பாறை மலைப்பூண்டைப் பற்றி. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-இல். அதற்கு முன்பே அவர் அதைப் பற்றி அவ்வளவு அக்கறையாக எழுதியிருந்தார். ஒரு வீட்டுக்குள் போய், அடுப்புக்கு மேலே பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பதையும், அடுப்புப் புகை அதில் ஏறுவதையும், அந்த வீட்டுப் பாட்டி ஒரு கொத்தை இறக்கி அழுத்திப் பார்த்து இன்னும் ஆகவில்லை என்று திரும்ப மாட்டியதையும் எழுதியிருந்தார்.

எனக்கு வந்த தலைப்பு 'மலைப்பூண்டின் 10 மகத்தான பயன்கள்'. பாட்டிக்கு அதில் இடமில்லை. அந்தப் பத்தி முழுவதையும் "பாரம்பரிய முறையில் பதப்படுத்தப்பட்டு நீண்ட நாட்கள் பாதுகாக்கப்படுகிறது" என்று ஒரே வரியாக்கினேன். செக்கர் பச்சை காட்டியது. 60 ரூபாய்.

அவருக்கு எழுதி மன்னிப்புக் கேட்கலாம் என்று அந்த லிங்க்கை அழுத்தினேன். தளமே இல்லை. தலைப்பை வைத்துத் தேடினேன், பாட்டி என்று தேடினேன், அடுப்புப் புகை என்று தேடினேன். ஏஜென்ட் நம்பர் உபயோகத்தில் இல்லை. என் '10 மகத்தான பயன்கள்' மட்டும் முதல் பக்கத்தில் வருகிறது, அதைப் பார்த்து எழுதிய இன்னும் 5 கட்டுரையும் வருகின்றன. எல்லாவற்றிலும் பாரம்பரிய முறை இருக்கிறது. அந்த முறை என்ன என்று ஒன்றில்கூட இல்லை.

பூண்டு எத்தனை நாள் புகையில் தொங்க வேண்டும் என்று அந்தப் பாட்டி சொன்னதாக அவர் ஒரு கணக்கு எழுதியிருந்தார். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அந்த எண் ஞாபகம் வரவில்லை.

அடுத்த மாதம் 2 நாள் லீவு போட்டிருக்கிறேன். பழனி வழியாகக் கொடைக்கானல் போய், அங்கிருந்து பூம்பாறை போகலாம் என்று திட்டம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமாவும் வருகிறேன் என்கிறார்.